பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் பணம் போடலாமா? கேஎல் (கோலாலம்பூர்), பினாங்கு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்கைலைன், சுப்ரா, என்எஸ்எக்ஸ் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் முன்பெல்லாம் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பார்கள். இப்போது "எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கார்கள் மேல் எனக்கு உயிர். அதனாலேயே, யாரோ சொன்ன விலையை நம்பி ஒருவர் வாழ்நாள் சேமிப்பை இதில் கொட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கப் பிடிப்பதில்லை. செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பட்டர்வொர்த்திலும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்தெந்தக் கார்களுக்குத்தான் இந்த மவுசு?

உச்சியில் இருப்பது டொயோட்டா 2000ஜிடி. 1967 முதல் 1970 வரை சுமார் 350 கார்களே செய்தார்கள். 2013ல் டெக்சஸில் நடந்த ஏலத்தில் ஒன்று 11.55 லட்சம் டாலருக்குப் போனது. பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் ஜப்பானிய கார் அதுதான். 2022ல், அமெரிக்கப் பந்தயப் பிரபலம் கேரல் ஷெல்பியின் அணி பந்தயத்தில் ஓட்டிய 2000ஜிடி 25.35 லட்சம் டாலருக்கு விற்றது. 1973ல் 197 மட்டுமே செய்யப்பட்ட 'கென்மேரி' ஸ்கைலைன் ஜிடி-ஆரும் இந்த வரிசைதான். இவை நமக்குப் படம் பார்க்க.

நம் ஆட்கள் கேட்பது 1989க்கும் 2002க்கும் நடுவில் வந்த கார்களைப் பற்றி. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, ஆர்33, ஆர்34, 2ஜேஇசட் டர்போ இன்ஜின் உள்ள டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி, ஹோண்டா என்எஸ்எக்ஸ், இன்டெக்ரா டைப் ஆர் டிசி2, சிவிக் டைப் ஆர் ஈகே9, எஸ்2000, மிட்சுபிஷி லான்சர் எவோ, சுபாரு 22பி, சில்வியா எஸ்15. இவற்றுக்கு முன்னோடியாக, 1983ல் வந்த டொயோட்டா ஏஇ86.

இவற்றில் முக்கியமானவை ஜப்பானின் பொருளாதாரக் குமிழி காலத்தில் வரைபடத்தில் பிறந்தவை. செலவைப் பற்றிக் கவலைப்படாமல் பொறியாளர்களை விட்டுவிட்ட காலம் அது. என்எஸ்எக்ஸுக்கு முழு அலுமினிய உடல், சுசூகா பந்தயத் தடத்தில் அதை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்ல எஃப்1 வீரர் அயர்டன் சென்னா. ஆர்32 ஜிடி-ஆருக்கு இரண்டு டர்போ, நான்கு சக்கர இயக்கம். விளம்பரத்தில் எல்லாரும் 280 குதிரைத்திறனுக்கு மேல் போடுவதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த இரும்பு அதைவிட அதிகம் தாங்கும் என்பது பட்டறை ஃபோர்மன்களுக்குத் தெரியும்.

விலை ஏன் இப்படி ஏறியது?

பெரிய காரணம் அமெரிக்கச் சட்டம். 1988ல் வந்த சட்டப்படி, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத காரை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் செய்து 25 ஆண்டு ஆகிவிட்டால் அந்தத் தடை விலகும். அதனால் 1989ல் வந்த ஆர்32 2014ல் அமெரிக்கர்களுக்குத் திறந்தது. 1999 ஜனவரியில் வெளிவந்த ஆர்34 2024 ஜனவரியில் திறந்தது. கடைசியாக 2002 ஆகஸ்ட்டில் இறங்கிய ஆர்34க்கு 2027 வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானில் முன்கூட்டியே வாங்கிப் பூட்டிவைத்தவர்கள் ஏராளம்.

இன்னொன்று வயது. 1997ல் பிளேஸ்டேஷனில் இந்தக் கார்களை ஓட்டிய பள்ளிப் பிள்ளைக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. வீட்டுக் கடன் பாதி கட்டியாயிற்று, கையில் கொஞ்சம் பணம், மனதில் பழைய ஆசை. கேஎல்லில் மட்டுமில்லை, லண்டனிலும் டல்லாஸிலும் அதே கதைதான். ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் ஓட்டிய சினிமாக் கார்கள் அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றின. அவர் படத்தில் ஓட்டிய ஆரஞ்சு நிற சுப்ரா 2021ல் 5.5 லட்சம் டாலருக்கும், நீல ஆர்34 2023ல் 13.57 லட்சம் டாலருக்கும் போயின.

அப்புறம் எண்ணிக்கை. ஆர்32 ஜிடி-ஆர் 43 ஆயிரத்துக்கு மேல் வந்தது. ஆர்34 ஜிடி-ஆர் சுமார் பதினொன்றரை ஆயிரம்தான். முதல் என்எஸ்எக்ஸ்-ஆர் 483. சுபாரு 22பி ஜப்பானுக்கென்று 400. எஃப்டியின் கடைசிப் பதிப்பான ஸ்பிரிட் ஆர் 1,500. இந்தக் கார்களில் எத்தனையோ மரத்தில் மோதி, துண்டாகி, பாகங்களாகப் பிரிந்து போய்விட்டன. நேராக நிற்பவை குறைந்துகொண்டேதான் போகின்றன.

அந்த ஏல விலை எனக்கு இங்கே கிடைக்குமா?

கிடைக்காது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் மிக முக்கியமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செய்தியில் வரும் விலை உச்சமான காரின் விலை. மிகக் குறைந்த கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், அரிய நிறம், நட்டு போல்ட் கூட மாறாதது. அல்லது ஒரு நடிகர் உட்கார்ந்த கார். அதே மாடலில், மூன்று கை மாறி, ஒருமுறை முன்பக்கம் இடித்து, வேறு நிறத்தில் பெயின்ட் அடித்த காரின் விலை அதில் பாதிகூட வராமல் போகலாம். ஆனால் விற்பவர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பேசுவார்.

அடுத்து, டாலரும் நம் ரிங்கிட் வெள்ளியும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் கிட்டத்தட்ட 4.80 வெள்ளிக்குப் போனது. அப்புறம் வெள்ளி நன்றாக மீண்டது. டாலரில் விலை அசையாமல் இருந்தாலும் வெள்ளியில் உங்கள் காரின் 'உலக மதிப்பு' இறங்கியிருக்கும். யென்னும் அப்படித்தான், 2024 நடுவில் ஒரு டாலருக்கு 160 யென் வரை சரிந்தபோது அமெரிக்கர்களுக்கு ஜப்பான் மலிவுக் கடையாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, மலேசியச் சந்தை தனிச் சந்தை. இங்கே நுழையும் காரின் விலையில் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி மூன்றும் ஏறியிருக்கும். அந்த வரியை இங்குள்ளவர் மட்டும்தான் விலையாக ஏற்றுக்கொள்வார். வெளிநாட்டுக்காரர் உங்கள் காரை வாங்க வந்தால் ஜப்பானில் என்ன விலையோ அதைத்தான் பேசுவார், நீங்கள் கட்டிய வரி அவருக்குப் பொருட்டே இல்லை. ஆகவே உங்கள் காரை வாங்கப்போகிறவர் கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ ஜார்ஜ்டவுனிலோ இருக்கும் இன்னொரு மலேசியர்தான். அவ்வளவு பணத்தை ரொக்கமாக எடுத்துவைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் உங்கள் மாடல்தான் வேண்டும் என்பவர் எத்தனை பேர் என்று யோசித்தால் விஷயம் புரியும். விற்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆவது சாதாரணம்.

ஜப்பானிலிருந்து நானே ஒரு ஆர்32 இறக்கலாமா?

வெளிநாட்டில் ஓடிய காரைப் புதுப்பித்து விற்கும் வழக்கமான ரீகோண்ட் வழியில் முடியாது. ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதியில் வரும் பழைய கார், செய்து ஒரு வருடத்துக்குக் குறையாமலும் ஐந்து வருடத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஷோரூம்களில் நிற்கும் வெல்ஃபயர், ஜிஆர் யாரிஸ் எல்லாம் அப்படி வந்தவை. 1990களின் ஸ்போர்ட்ஸ் கார் அந்த வாசலைத் தாண்டி இருபது, முப்பது வருடம் ஆகிறது.

அப்படியென்றால் இங்கே ஓடும் ஜிடி-ஆர்களும் எஃப்டிகளும் எப்படி வந்தன? பல அந்தக் காலத்திலேயே வயது வரம்புக்குள் ரீகோண்டாக வந்தவை. சில, வெளிநாட்டில் படித்து வேலை பார்த்துத் திரும்பியவர்கள் தங்கள் சொந்தக் காருக்கென்று தனி ஏபி வாங்கிக் கொண்டுவந்தவை. இன்னும் சில எப்படி வந்தன என்பதை விற்பவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"கிளாசிக் கார் என்று சொல்லி இறக்கித் தருகிறேன்" என்று ஓர் ஏஜென்ட் வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மித்தி எனப்படும் வர்த்தக அமைச்சிலும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிலும் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். ஏஜென்ட் காட்டும் வாட்ஸ்அப் படங்கள் அனுமதிக் கடிதம் ஆகாது.

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

காகிதம். இன்ஜின் சத்தம் அப்புறம்.

கெரான் எனப்படும் பதிவு அட்டையில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண், சிசி, நிறம், தயாரிப்பு ஆண்டு எல்லாம் காரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஒரு எழுத்துக்கூட இடிக்கக்கூடாது. ஏபி நகல், சுங்கத்தின் கே1 படிவம், ஜப்பானில் பதிவு நீக்கிய சான்றிதழ், அங்கே ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏலத் தாள் இருந்தால் பொன்தான். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் பி5 எனும் வாகனப் பரிசோதனை உண்டு. பணம் கைமாறும் முன் அதைச் செய்யச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். சிங்கப்பூரில் பதிவுக் காலம் முடிந்து கழிக்கப்பட வேண்டிய காரை, இங்குள்ள இன்னொரு காரின் எண்ணோடு ஓடவிடும் 'குளோன்' வேலை நம் நாட்டில் பழைய பிரச்சினை. வரி கட்டாத கார் என்று பின்னால் தெரிந்தால், நீங்கள் நல்ல மனதோடு வாங்கியிருந்தாலும் கார் போய்விடும்.

சரி, கார் பக்கம் வருவோம். ஆர்34 ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் தூக்கியதும் இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரில் ஒரு சிறிய நீலத் தகடு இருக்கும். அதில் மாடல் குறியீடு பிஎன்ஆர்34 என்று இருந்தால் ஜிடி-ஆர். ஈஆர்34 என்று இருந்தால் அது பெரும்பாலும் ஜிடி-டி, அதாவது 2.5 லிட்டர் ஒற்றை டர்போ ஸ்கைலைன். அதற்கு ஜிடி-ஆரின் அகலமான ஃபெண்டரும் பம்பரும் பின் இறக்கையும் மாட்டியிருக்கிறார்கள். இங்கே தெருவில் தலை திருப்பவைக்கும் ஆர்34களில் இந்த வகை நிறைய. ஓட்ட அருமையான கார்தான், ஆனால் ஜிடி-ஆர் விலை கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அதே தகட்டில் நிறக் குறியீடும் இருக்கும். டிவி2 என்றால் பேசைட் புளூ. தகடு வெள்ளை நிறம் என்று சொல்லி, கார் நீலமாக நின்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பேசைட் புளூவுக்கும் மிட்நைட் பர்ப்பிளுக்கும் விலை அதிகம் என்பதால் இது நடக்கிறது. அப்புறம் முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்34க்கு அங்கே துரு பிடிப்பது உலகறிந்த நோய். புதிதாக சீலன்ட் பூசியிருந்தால் ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

மீட்டரையும் நம்பிவிடாதீர்கள். நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் மீட்டர் மாற்றிய ஸ்கைலைனில் கிலோமீட்டர் புதிதாக எண்ணத் தொடங்கியிருக்கும். பழைய மீட்டர் எங்கே, மாற்றியபோது எவ்வளவு ஓடியிருந்தது என்று எழுத்தில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஈகே9 சிவிக்கும் இப்படித்தான். சாதாரண ஈகே ஹேட்ச்பேக் இங்கே ஏராளம்; சிவப்பு எச் சின்னமும் ரெக்காரோ சீட்டும் வாங்கி மாட்டுவது ஒரு நாள் வேலை. உண்மையான ஈகே9க்கு சேசிஸ் எண்ணே ஈகே9 என்றுதான் தொடங்கும், இன்ஜின் பி16பி, சக்கரத்துக்கு ஐந்து போல்ட். நான்கு போல்ட் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

எஃப்டியில் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின்; அதன் அழுத்தத்தைப் பார்க்க ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் என்று தனிக் கருவி உண்டு. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்று எண்ணும் தனித்தனியாக வர வேண்டும். சாதாரண கேஜ் வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஆரம்ப கால என்எஸ்எக்ஸ்களில் கியர்பாக்ஸ் உள்ளே ஒரு ஸ்னாப் ரிங் உடையும் குறை இருந்தது. சரி செய்தாயிற்று என்றால் ரசீது கேளுங்கள்.

ஹாஃப்-கட் போட்டு ஏற்றிய கார்களுக்கு மதிப்பு உண்டா?

மலேசியாவின் கார் மோகமே ஹாஃப்-கட்டில் வளர்ந்தது. ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை வெட்டிக் கொண்டுவந்து, அதிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் எடுத்து உள்ளூர் காரில் ஏற்றுவது. புரோட்டோன் வீரா மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது என்பதால், எவோ 3ன் 4ஜி63 டர்போ இன்ஜினும் முகமும் அதில் அழகாக உட்காரும். அந்த வேலையைச் செய்த ஃபோர்மன்களுக்கு நான் தலைவணங்குவேன். புத்தகம் இல்லாமல், கூகள் இல்லாமல், கையால் கற்றுக்கொண்டவர்கள். அவர்களில் நம் இந்தியப் பையன்களும் கணிசம்.

ஆனால் சேகரிப்பாளர் கணக்கில் அது எவோ ஆகாது. சேசிஸ் எண் வீராவினுடையது. இன்ஜின் மாற்றம் ஜேபிஜேயில் பதிந்து கெரானில் ஏறியிருந்தால் சட்டப்படி ஓட்டலாம், விற்கலாம். ஏறவில்லையென்றால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். ஓட்டி மகிழ வாங்குங்கள், முதலீடு என்று நினைக்காதீர்கள்.

மாடிஃபை செய்தால் விலை கூடுமா?

இருபது வருடத்துக்கு முன்னால் கூடியது. இப்போது குறையும். ஒரிஜினல் டர்போ, ஒரிஜினல் சக்கரம், ஒரிஜினல் ஸ்டியரிங், கழற்றிய ஏர்பில்டர் பெட்டி கூட இன்று பணம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அந்தக் காலத்திலேயே நிஸ்மோ, முகென், ஸ்பூன் போன்ற ட்யூனிங் நிறுவனங்கள் செய்த பாகங்கள் விதிவிலக்கு. அவையே தனிச் சேகரிப்பாகிவிட்டன.

ஒரு வருடம் வைத்திருக்க எவ்வளவு ஆகும்?

ரோடு டெக்ஸ் சிசி கணக்கு. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு, 1,587 சிசி ஏஇ86க்கு 90 வெள்ளி. 1,997 சிசி எஸ்2000க்கு 378.50 வெள்ளி. 2,568 சிசி ஜிடி-ஆருக்கு 1,050. 2,997 சிசி சுப்ராவுக்கு 2,122.50. பார்த்தீர்களா, ஜிடி-ஆருக்கும் சுப்ராவுக்கும் நடுவில் நானூற்றுச் சொச்சம் சிசி, ரோடு டெக்ஸோ இரட்டிப்பு.

இன்சூரன்ஸ்தான் சிக்கல். வயதான காருக்கு முழுக் காப்பு தரப் பல நிறுவனங்கள் தயங்கும். கிடைத்தாலும் 'சந்தை மதிப்பு' பாலிசியை எடுக்காதீர்கள். இழப்பு வரும் நாளில் அந்த மதிப்பைச் சொல்வது அவர்கள். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி கேளுங்கள், படங்களும் மதிப்பீட்டு அறிக்கையும் கொடுத்துத் தொகையை முன்பே எழுத்தில் வாங்குங்கள். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல், ரோன்95 வேண்டாம். இவற்றில் பல ஜப்பானில் 100 ஆக்டேனுக்குச் செய்த இன்ஜின்கள். இங்கே ரோன்97க்குக் குறையாமல் ஊற்றுங்கள். ஓட்டாவிட்டாலும் டயர் காலாவதியாகும், ரப்பர் குழாய் வெடிக்கும், பெட்ரோல் கெடும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு ஒன்று உண்டு. இரண்டரை லட்சம் வெள்ளியைக் காரில் முடக்கினால், அதே தொகை 2024ல் ஊழியர் சேமநிதி கொடுத்த 6.30 விழுக்காட்டில் ஒரு வருடத்துக்கு 15,750 வெள்ளி ஈட்டியிருக்கும். கார் வருடத்துக்கு அவ்வளவும், பராமரிப்புச் செலவும் சேர்த்து விலை ஏறினால்தான் நீங்கள் சமமாக நிற்கிறீர்கள். தங்கத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தால் பத்து வருடம் கழித்தும் அதே தங்கம். கார் பெட்டியில் கிடந்தால் கெட்டுப்போகும்.

வீட்டு வாசலில் நிறுத்தலாமா?

கூடாது. நம் ஊர் வெயில் டேஷ்போர்டைப் பிளக்கும், ஈரம் அடிப்பகுதியைத் தின்னும். பினாங்கில் பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் தொக்கோங் பக்கம் இருப்பவர்கள் கடல் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார் கவர் போட்டு மூடிவைப்பது இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். காற்றோட்டமான கூரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஜின் முழுச் சூடாகும் வரை ஓட்டம், வருடம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி பார்ப்பது, இவை போதும். கேஎல்லில் கொண்டோ அடித்தளப் பார்க்கிங் என்றால் வெள்ளம் வருமா என்று பழைய குடியிருப்பாளர்களிடம் கேளுங்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வெள்ளத்தில் முங்கிய கார்களும் துடைத்துச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும்.

வங்கிக் கடன் கிடைக்குமா?

இவ்வளவு வயதான காருக்கு வழக்கமான வாடகைக் கொள்முதல் கடன் கிடைப்பது அரிது. தனிநபர் கடன் எடுத்து வாங்குவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். வட்டி கட்டிக்கொண்டே விலை ஏறக் காத்திருப்பவர், அவசரம் வந்ததும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்.

லாபத்துக்கு வரி உண்டா?

உங்கள் சொந்தக் காரை எப்போதாவது லாபத்தில் விற்றால் நிலத்துக்கு இருப்பது போன்ற ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் வருமான வரி வாரியம் அதை வியாபாரமாகப் பார்க்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் விலை எங்கே போகும்?

2020 முதல் 2022 வரை வட்டி குறைவாக இருந்தது, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், எந்தக் குப்பையும் விலை போனது. அந்தக் காற்று இறங்கிவிட்டது. அதன் பிறகு சந்தை இரண்டாகப் பிரிந்துவிட்டது என்பது என் கணிப்பு. சுத்தமான, வரலாறு தெரிந்த கார்கள் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுத்தரக் கார்கள், அதாவது பெயின்ட் மாறி, பாகம் மாறி, காகிதம் பாதி இருப்பவை, பழைய உச்ச விலையைக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் விளம்பரத்தில் தொங்குகின்றன.

அமெரிக்கத் தேவை தொடரும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி போட்டபோதும், 25 வயது தாண்டிய கார்களை அதிலிருந்து விலக்கிவைத்தது. 2027 வரை ஆர்34, ஸ்பிரிட் ஆர், 2002ல் வந்த இரண்டாம் என்எஸ்எக்ஸ்-ஆர் எல்லாம் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டும். ஆனால் அந்தத் தேதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டவை. வாசல் திறக்கும் நாளில் இன்னொரு பாய்ச்சல் வரும் என்று நம்பி இப்போது வாங்குவது தாமதமான முடிவு. அதற்குப் பின் எவோ 7 முதல் 9 வரை, எஸ்2000 போன்றவை கவனத்துக்கு வரும். இவற்றில் எஸ்2000 எனக்குப் பிடித்தது. டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜினிலிருந்து 250 குதிரைத்திறன், 9,000 சுற்று. இனி யாரும் அப்படி ஒன்றைச் செய்யப்போவதில்லை.

பாகங்களும் விலையைத் தீர்மானிக்கும். நிசான் 2017 முதல் ஜிடி-ஆருக்கு நிஸ்மோ ஹெரிட்டேஜ் என்ற பெயரில் பழைய பாகங்களை மீண்டும் செய்கிறது. டொயோட்டா 2020 முதல் சுப்ராவுக்கும் 2000ஜிடிக்கும், பிறகு ஏஇ86க்கும் அப்படிச் செய்கிறது. உற்பத்தியாளரே பின்னால் நிற்கும் கார்களுக்கு ஆயுள் நீளம். ஒரு ரப்பர் பட்டைக்காக ஆறு மாதம் தேட வேண்டிய காரை யார் வாங்குவார்?

எனக்கு உள்ளூரில் தெரியும் கவலை ஒன்று. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மேனுவல் ஓட்டுகிறார்கள்? இன்று நாற்பது வயதுக்காரர்களின் ஆசையில் நிற்கும் விலை, அவர்கள் அறுபதைத் தொடும்போது எங்கே நிற்கும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இருபது வருட முதலீடாக இதை யாருக்கும் சொல்லமாட்டேன். ஐந்து முதல் எட்டு வருடம், ஓட்டி அனுபவித்து, போட்ட பணம் பெரிதாகக் கரையாமல் வெளியே வருவது, சரியான காருக்கு இன்றும் நடக்கக்கூடிய காரியம்.

அவ்வளவு பணம் இல்லை. நமக்கு ஏற்றது எது?

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. நகைக்காதீர்கள். மிட்சுபிஷி மிராஜ் அடிப்படை, 4ஜி93 1.8 இன்ஜின், பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் சரிசெய்த சஸ்பென்ஷன். ஜப்பானிய ரத்தம் ஓடும் மலேசியக் கார். அதிலிருந்து 2004ல் பிறந்த சத்ரியா ஆர்3 150 மட்டுமே வந்தது. ஏபி, சுங்கப் படிவம், ஏலத் தாள் எந்தத் தொல்லையும் இல்லை, பாகம் உள்ளூரில் கிடைக்கும். மோதாத, வெட்டாத, ஒரிஜினல் சீட்டோடு இருக்கும் ஜிடிஐ வருடா வருடம் குறைகிறது. ஷா ஆலமில் பிறந்த காரை வெளிநாட்டுக்காரர் தேடமாட்டார், நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

விற்க நினைத்தால் எப்படித் தயார் செய்வது?

புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். கழுவி, உள்ளே சுத்தம் செய்து, கீறல்களைப் படம் எடுத்து அப்படியே காட்டுங்கள். ரசீதுகளைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். கழற்றிய பாகங்களைத் தனியாகப் படம் எடுங்கள், அவற்றைத் தனித்தனியே விற்றுவிடாதீர்கள். சாவி இரண்டும், ஜப்பானிய மொழியில் உள்ள கையேடும், டயர் மாற்றும் கருவிப் பையும் இருந்தால் சேர்த்துவையுங்கள். வாங்க வருபவர் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காமல் கூட்டிப்போங்கள், ஆனால் முன்பணம் வராமல் சாவியையோ கெரான் நகலையோ வெளியே அனுப்பாதீர்கள். சேசிஸ் எண் தெரியும் படத்தை விளம்பரத்தில் போடவே வேண்டாம். குளோன் செய்பவர்களுக்கு அது ஒன்று போதும்.